தவக்காலத்துக்கு 14 புகைப்படங்கள்: சிலுவைப்பாதையை நம் ஊரிலேயே எடுப்பது சரியா?

முத்துநகர்க் கேமரா

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் ஒரு பங்கு இளையோர் குழுவில் இருக்கிறேன். வருகிற தவக்காலத்துக்கு சிலுவைப்பாதையின், அதாவது இயேசு தீர்ப்புப் பெற்றது முதல் கல்லறை வரையிலான 14 நிலைகளையும் புகைப்படங்களாக எடுத்து ஆலய முற்றத்தில் வைக்கலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டோம். ஃபாதர் சம்மதித்துவிட்டார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதைக்கு வருகிற பாட்டிமார் அந்தப் படங்களுக்கு முன்னால் முழந்தாள்படியிட்டுச் செபிக்க முடிய வேண்டும். வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற கண்காட்சியாக அது நின்றுவிடக் கூடாது.

இந்த நிபந்தனையில்தான் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பாஸ்கா நாடகத்துக்குத் தைத்த அங்கி, முள்முடி, ரோமை வீரர் உடை எல்லாம் பத்திரமாக இருக்கிறது, போட்டு நடித்து எடுத்துவிடலாம் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். நான் மறுபக்கம். சிலுவை சுமக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். சீமோன் சிலுவை சுமக்க உதவுகிற ஐந்தாம் நிலைக்கு, மூட்டை தூக்கித் தடுமாறுகிறவருக்குத் தோள் கொடுக்க ஓடி வருகிற இன்னொரு சுமைதூக்கும் தொழிலாளி. வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கிற ஆறாம் நிலைக்கு, உப்பளத்தில் கண்ணில் உப்புநீர் பட்டவளின் முகத்தை முந்தானையால் துடைத்துவிடும் கூட்டாளி. எருசலேம் பெண்கள் அழுகிற எட்டாம் நிலைக்கு, கடலுக்குப் போன படகு திரும்பாத நாளில் கரையில் நிற்கிற பெண்கள். இயேசுவைச் சிலுவையில் அறைகிற பதினோராம் நிலைக்கு, உப்பில் வெடித்த கால்களை மட்டும் அருகில் போய் எடுக்க நினைக்கிறோம். பத்து (ஆடை களையப்படுவது), பன்னிரண்டு (இறப்பு), பதிமூன்றுக்கு (உடலை இறக்குவது) இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை.

கேமராவை விசுவாசத்தோடு சேர்த்துப் பிடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நடிக்க வைத்து எடுப்பதா, நடப்பதை எடுப்பதா?

பழைய ஃபிலிம்

தம்பி, நடித்து எடுப்பதை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். புகைப்படக் கலையில் கிறிஸ்தவ விசுவாசம் நுழைந்ததே அந்த வழியாகத்தான்.

கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு முதல் கேமரா கையில் வந்தது 1863 டிசம்பரில். அப்போது அவருக்கு வயது 48. மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. அடுத்த ஆண்டே மரியாளும் குழந்தையும் என்று எடுக்க ஆரம்பித்துவிட்டார். மரியாளாக அமர்ந்தவர் அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர். ஃபிலிமுக்கு முந்திய அந்தக் காலத்து ஈரக் கண்ணாடித் தகட்டில் ஒரு படம் பதிய சில நிமிடங்கள் ஆடாமல் இருக்க வேண்டும். மடியில் குழந்தை வேறு. அதனால் படத்தில் கொஞ்சம் கலங்கல் இருக்கும், ஃபோகஸ் நழுவியிருக்கும். இதற்காக அவரை அன்றைய புகைப்படச் சங்கத்தார் குறை சொன்னார்கள். இன்று பார்க்கிறவருக்கு அந்தக் கலங்கல்தான் மூச்சுவிடுகிற மாதிரி தெரிகிறது. பாத்திரம் தேய்க்கிற பெண்ணைத் தேவதாயாக உட்கார வைத்தாரே, அது எனக்குப் பெரிய விசுவாச அறிக்கையாகத் தோன்றுகிறது. லூக்கா நற்செய்தியில் 'தாழ்நிலை நின்ற அடிமை' என்று மரியாள் தன்னையே சொல்லிக்கொள்கிறார் அல்லவா?

அப்புறம் பாஸ்டன்காரர் ஃபிரெட் ஹாலந்து டே. 1898 இல் பாடுகளின் படங்களை எடுக்க உடம்பை மெலியவைத்து, முடியும் தாடியும் வளர்த்து, தானே சிலுவையில் நின்றார். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வாக்கியங்களுக்கு முள்முடியோடு தன் முகத்தை மட்டும் ஏழு படமாக எடுத்தார். சிலர் மெய்சிலிர்த்தார்கள், சிலருக்குக் கோபம் வந்தது. ஓவியன் ஒருவனை மாதிரியாக வைத்துக் கிறிஸ்துவை வரைந்தால் யாரும் கேட்பதில்லை. கேமராவில் எடுத்தால் 'இது இன்னார் முகம்' என்று தெரிந்துவிடுகிறதே, சிக்கல் அங்கேதான். உங்கள் நாடகக் குழுவுக்கும் அதே சிக்கல் வரும். முற்றத்தில் நிற்கிற பாட்டி இயேசுவைப் பார்க்க மாட்டார், 'நம்ம தெருப் பையன்' என்றுதான் பார்ப்பார்.

நாசரேத்துக்காரர்

ஸ்தோத்திரம். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்கள் ஆலயத்தில் பீடத்தில் சிலுவை மட்டும்தான், சொரூபம் கிடையாது. லெந்து (தவக்கால) நாட்களில் பாடுகளின் தியானம் நாங்களும் செய்கிறோம், ஆனால் வசனத்தைக் கேட்டுத்தான். ஆகவே வெளியிலிருந்து சொல்கிறவனாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நடிப்பா, நிஜமா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. ஃபாதர் சொன்ன நிபந்தனைதான் முதல் கேள்வி. முழந்தாள்படியிட வேண்டும் என்கிறார். உருவத்தை வணங்கக் கூடாது என்கிற யாத்திராகமம் 20 ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். சொரூபத்தைப் பற்றி நமக்குள் இருக்கிற பழைய வழக்கை இங்கே கிளறவில்லை. ஆனால் இது மரமும் சாந்தும் அல்ல. உயிரோடு இருக்கிற, நாளைக்குக் கடையில் வரிசையில் நிற்கப்போகிற ஒரு பெண்ணின் முகம். அதற்கு முன்னால் மக்கள் முழந்தாள்படியிட்டால், அந்த அம்மாவுக்கு அது எப்படி இருக்கும்? அவர் இந்துவாக இருந்தால்? கேட்டீர்களா?

கேமராவால் தேவனை மகிமைப்படுத்த வழி இருக்கிறது. வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்று 19 ஆம் சங்கீதம் சொல்கிறது. மலை, கடல், காலை வெளிச்சம் இவற்றை எடுத்து, வசனம் சேர்த்துத் தினமும் அனுப்புகிறேன். அதை லேசாக நினைக்கிறவர்கள் உண்டு. படுக்கையில் கிடக்கிற என் சித்தி காலையில் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான்.

முத்துநகர்க் கேமரா

ஐயா, நிதானமாகச் சொன்னதற்கு நன்றி. வணக்கம் படத்துக்குப் போவதில்லை, படம் காட்டுகிறவருக்குப் போகிறது என்பதுதான் 787 இல் நீக்கேயாவில் ஆயர்கள் கூடிய சங்கம் முதல் எங்கள் நம்பிக்கை. அதிலேயே ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்றும் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் உங்கள் கேள்வி அதையும் தாண்டிப் போகிறது என்று புரிகிறது. 'மிகச் சிறியோராகிய என் சகோதரர் சகோதரிகளுள் ஒருவருக்கு நீங்கள் செய்ததையெல்லாம் எனக்கே செய்தீர்கள்' என்று மத்தேயு 25 இல் ஆண்டவரே தன்னை அவர்களோடு சேர்த்து வைத்துவிட்டாரே. அதைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் என் ஆசை. அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. குழுவில் கேட்கிறேன்.

அந்திவெளிச்சம்

திருமணம், திருமுழுக்கு, புதுநன்மை எடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் ஆலயத்துக்குள் கேமராவோடு நிற்பதைப் பற்றி முதலில்.

திருப்பலியைப் படம் எடுப்பது வழிபாட்டைக் குலைக்கக் கூடாது, தேவையென்றால் மிகுந்த அடக்கத்தோடு, ஆயர் வகுத்த நெறிப்படி செய்ய வேண்டும் என்று வத்திக்கான் 1967 இலேயே நற்கருணை பற்றிய அறிவுரையில் சொல்லிவிட்டது. 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் இன்னும் நேராகவே சொன்னார். இதயங்களை மேலே எழுப்புங்கள் என்றுதான் குரு சொல்கிறார், செல்போனை மேலே எழுப்புங்கள் என்று சொல்லவில்லை என்று. குருக்களும் ஆயர்களும்கூட அப்படிச் செய்வதைப் பார்த்து வருந்துவதாகவும் சேர்த்துச் சொன்னார். குரு அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்தின்போது நான் கேமராவைக் கீழே இறக்கிவிடுவேன். ஆல்பத்தில் அந்தப் படம் இல்லையே என்று இதுவரை எந்த வீட்டாரும் கேட்டதில்லை.

ஆலயத்துக்குள் ஃபிளாஷ் வேண்டாம். மங்கிய வெளிச்சத்திலும் எடுக்கிற எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 போதும். சத்தமில்லாத ஷட்டர் வைத்தால் எல்.இ.டி. விளக்குகளில் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உப்பளத்தில் வேறு தொல்லை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைக்கும். வெள்ளை வெளேரென்ற உப்பைப் பார்த்ததும் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். உப்பு அழுக்காகத் தெரியும், வேலை செய்கிறவர் முகம் கறுத்து அடையாளமே இல்லாமல் போகும். எக்ஸ்போஷரை (பதிகிற வெளிச்சத்தை) ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். இதை வெறும் நுணுக்கமாக நினைக்காதீர்கள். உப்பளப் படங்கள் என்று இணையத்தில் சுற்றுகிறவற்றில் பாதிக்கு மேல் நிழல் உருவங்கள்தான். ஆள் யார் என்றே தெரியாது.

அளத்துமகள்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவர். வெயிலுக்கு முந்த வேண்டும் என்று விடியும் முன்னே, இருட்டிலேயே வீட்டைவிட்டுக் கிளம்புவார். டார்ச் வெளிச்சத்தில் வேலை தொடங்கும். சூரியன் ஏறினால் பாத்தியிலிருந்து வருகிற கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. அந்தச் சூரியன் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் கேமராக்காரர்கள் வருவார்கள். நீளக் கழியில் பலகையை வைத்து உப்பை வாருகிறபோது ஆரஞ்சு வானத்துக்கு எதிரே நிழலாக எடுப்பார்கள். அந்திவெளிச்சம் அண்ணன் சொன்ன அதே நிழல்தான். அம்மாவின் படம் எங்கெங்கே போனது என்று அம்மாவுக்குத் தெரியாது. ஒரு பிரிண்டுகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

'நீங்கள் மண்ணுலகுக்கு உப்பாய் இருக்கிறீர்கள்' வாசகத்துக்கு எத்தனையோ மறையுரை கேட்டுவிட்டேன். உப்பு ருசி கொடுக்கும், உப்பு கெடாமல் காக்கும் என்று சொல்வார்கள். உப்பை எடுக்கிறவர்கள் அதே கோவிலில் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அதனால் தம்பி, உங்கள் எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. கோவில் முற்றத்தில் எங்கள் ஆட்கள் முகம் வரட்டும்.

ஆனால் பதினோராம் நிலைக்கு வெடித்த கால்களை மட்டும் எடுக்கப்போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அது வேண்டாம். காலை மட்டும் எடுத்தால் அது யார் கால்? புண்ணைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். என் அம்மாவுக்குப் பெயர் இருக்கிறது, பாட்டு வரும், சீட்டுக் கணக்கு மனதிலேயே போடுவார். கால் புண் மட்டும் அம்மா இல்லை. ஆண்டவரின் காயத்தை நாம் வணங்குகிறோம் என்றால் அது அவருடைய காயம் என்று தெரிந்துதானே வணங்குகிறோம்?

மட்டுநகர் வாவி

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். அளத்துமகள் அக்கா சொன்னதோடு எங்கட பக்கத்துக் கதை ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

மேலே சொன்ன ஜூலியா மார்கரெட் கேமரன் 1875 இல் இலங்கைக்கு வந்துவிட்டார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 இல் மலையகத்தில்தான் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில் இருக்கிறது. இங்கே அவர் எடுத்த படங்களில் தப்பியவை கொஞ்சம்தான். அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டங்களில் வேலை செய்த சனங்கள், எங்கட தமிழ்ச் சனங்கள். இங்கிலாந்தில் மரியாளாக இருந்த பணிப்பெண்ணின் பெயர் மேரி ஹில்லியர் என்று எல்லோருக்கும் தெரியும். மலையகத்தில் கமராவுக்கு முன்னால் நின்ற பெண்களின் பெயரை அநேகமாக யாரும் எழுதி வைக்கவில்லை. படத்தைப் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கு. ஆனால் அவர்களுக்காகச் செபிக்க ஒரு பெயர் இல்லை. ஆகவே தம்பி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அவர் விரும்பினால், பெயரைப் போடுங்கோ.

பன்னிரண்டாம் நிலை பற்றியும் ஒன்று சொல்ல வேணும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, இங்கே ஆலயங்களில் குண்டுகள் வெடித்த நாள். கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் உயிர்த்த ஆண்டவர் சொரூபத்தில் இரத்தம் தெறித்திருந்த படம் உலகம் முழுக்கப் போனது. அதே காலை எங்கட சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் சொரூபப் படத்தை வைத்துச் செபித்தவர்கள் ஏராளம். 'ஆண்டவர் எங்களோடு காயப்பட்டார்' என்று எங்கட சனமே சொன்னார்கள், அது உண்மையான ஆறுதல். ஆனால் இன்னொரு வகைப் படங்களும் சுற்றின. முகம் மறைக்காத உடல்கள். அவற்றைப் பார்க்கிற தாய்மார் இங்கே இருக்கினம். மரணத்தை எடுக்கப் போகிறீர்கள் என்றால் இதை யோசியுங்கோ.

பழைய ஃபிலிம்

மட்டுநகர், இலங்கைப் படங்களைப் பற்றி நீங்கள் சொன்னது மனதில் தைத்துவிட்டது.

பதிமூன்றாம் நிலை, அதாவது தாயின் மடியில் மகன் உடல். இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது யூஜின் ஸ்மித் 1971 இல் ஜப்பானின் மினமாட்டாவில் எடுத்த படம். தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசத்தால் பிறவியிலேயே பாதிக்கப்பட்ட மகளை ஒரு தாய் குளிப்பாட்டுகிறார். வியாகுல மாதா சொரூபத்தின் சாயல் அப்படியே இருக்கும். பெற்றோர் சம்மதித்து எடுத்த படம்தான் அது, உலகத்தின் மனசாட்சியை உலுக்கியது. மகள் 1977 இல் இறந்துபோனாள். அதற்குப் பிறகும் அவள் உடல் சுவரொட்டியிலும் புத்தகத்திலும் சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் இனியாவது இளைப்பாறட்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். படத்தின் உரிமை ஸ்மித்தின் மனைவி ஐலீனிடம் இருந்தது. அவர் 1998 இல் இனிப் புதிதாக வெளியிட வேண்டாம் என்று முடிவெடுத்தார். அவ்வளவு புகழ்பெற்ற படத்தை ஒரு குடும்பத்துக்காக உள்ளே வைத்தாரே, அதை எடுத்ததைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். சம்மதம் என்பது எடுக்கிற அன்றோடு முடிந்துவிடுவதில்லை. உங்கள் முற்றத்திலும், 'இதை எடுத்துவிடுங்கள்' என்று ஒருவர் நடுவில் வந்து சொன்னால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

இன்னொருவரைச் சொல்லாமல் போனால் குறை. அயர்லாந்து இயேசு சபையின் பிரான்சிஸ் பிரவுன். 1912 இல் டைட்டானிக்கில் முதல் இரண்டு நாள் பயணம் செய்து உள்ளே படம் எடுத்தவர். அமெரிக்கா வரை போக ஒரு குடும்பம் பணம் கொடுக்க முன்வந்தும், கப்பலைவிட்டு இறங்கு என்று சபைத் தலைவர் தந்தி கொடுத்ததால் அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் இறங்கிவிட்டார். பிறகு குருவாகி முதல் உலகப்போரில் ஐரிஷ் படையினருக்கு ஆன்ம குருவாக இருந்தார். 1960 இல் இறந்தார். 1985 இல் ஒரு பெட்டியைத் திறந்தால் ஏறக்குறைய 42,000 நெகட்டிவ்கள். நான் பார்த்தவரை அவற்றில் பீடமும் சொரூபமும் குறைவு. சந்தை, ரயில், தொழிற்சாலை, தெருவில் விளையாடும் பிள்ளைகள்தான் நிறைய. குருவானவர் ஒருவர் வாழ்நாள் முழுக்க மனிதர்களை இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தாரே, எனக்கு அது செபமாகத்தான் படுகிறது.

மட்டுநகர் வாவி

அண்ணை, தாமஸ் மெர்ட்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. மௌனத்துக்குப் பெயர்போன டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவி. நண்பர் இரவல் கொடுத்த கமராவில் மடத்தைச் சுற்றி மரவேர், சுவர், நாற்காலி என்று எடுத்துக்கொண்டிருந்தவர். 1968 இல் ஆசியாவுக்கு வந்து, சென்னையும் பார்த்து, பொலன்னறுவையில் கல்விகாரைப் புத்தர் சிலைகளைப் படம் பிடித்தார். அங்கே நின்றபோது மனம் திறந்ததாகத் தன் குறிப்பேட்டில் எழுதினார். சில நாளிலேயே, டிசம்பர் 10 அன்று, பாங்காக் அருகே இறந்துவிட்டார்.

நாசரேத்துக்காரர்

எல்லோரும் எழுதியதைப் பொறுமையாக வாசித்தேன். முழந்தாள்படியிடுவதில் என் மனம் மாறவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சகோதரி அளத்துமகள் எழுதியதை வாசித்தபின், நாங்கள் எடுக்கிற இன்னொரு வகைப் படம் உறுத்துகிறது. வெள்ள நிவாரணத்தில் அரிசிப் பை கொடுக்கும்போது பின்னால் பேனர், முன்னால் நான்கு பேர் பையைப் பிடித்துக்கொண்டு, வாங்குகிற அம்மா கேமராவைப் பார்க்கும்வரை பையை விடமாட்டார்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு 6 இல் இருக்கிறது. அரிசி மூட்டை அடுக்கிவைத்ததைப் படம் எடுத்தாலே கணக்குக்குப் போதும். இதை எங்கள் சேகரக் கமிட்டியில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

பன்னிரண்டாம் நிலைக்கு என் யோசனை. அங்கே படமே வேண்டாம். இறக்கும்முன் தந்தையின் கையில் தம் உயிரை ஒப்படைத்துச் சொன்ன லூக்கா 23:46 வசனத்தை மட்டும் பெரிதாக எழுதி வையுங்கள், உங்கள் மொழிபெயர்ப்பிலேயே. மற்ற 13 இடங்களிலும் மனிதர் முகத்தைப் பார்த்து வருகிறவர்கள் அங்கே ஆண்டவருடைய சொந்த வார்த்தையைக் கேட்கட்டும். அவர் இடத்தில் யாரையும் நிறுத்தியதாகவும் ஆகாது.

முத்துநகர்க் கேமரா

ஐயா, இதை நேற்று குழுவில் வாசித்தோம். ஃபாதரும் இருந்தார். நடித்து எடுக்கலாம் என்று சொன்ன பக்கத்துத் தம்பி ஒருவன் அந்த வசனத்தைக் கையால் எழுதித் தருகிறான், அவன் எழுத்து நன்றாக இருக்கும்.

மற்றவை: கால்களை மட்டும் எடுக்கிற எண்ணத்தை விட்டுவிட்டோம். பத்தாம் நிலைக்கு, ஆடை களையப்படுவதற்கு, ஆள் இல்லாத படம். கடன் கொடுத்தவர் பூட்டிவிட்டுப் போன ஒரு வீட்டு வாசல். வீட்டுக்காரரிடம் கேட்டாயிற்று. கரையில் நிற்கிற பெண்களை அந்த நாளில் போய் எடுக்க மாட்டோம். கடலில் மகனை இழந்த ஒரு குடும்பம் எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குழுவில்) இருக்கிறது. அவர்கள் தாங்களாக முன்வந்தால் அவர்கள் வீட்டில், அவர்கள் சொல்கிறபடி பதிமூன்றாம் நிலை. இல்லையென்றால் ஆலயத்தில் இருக்கிற பழைய வியாகுல மாதா சொரூபம். ஒவ்வொருவருக்கும் முதல் பிரிண்ட் அவர் கையில். அதைப் பார்த்து அவர் சரி என்ற பிறகுதான் முற்றத்துக்கு. இந்து சகோதரிகளிடம், இந்தப் படத்துக்கு முன்னால் என்ன நடக்கும் என்பதை விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் கேட்போம்.

அளத்துமகள் அக்கா, உங்கள் அம்மா ஆறாம் நிலைக்கு வருவார்களா?

அந்திவெளிச்சம்

பிரிண்ட் 12க்கு 18 அங்குலம், மேட் தாளில் போடுங்கள். பளபளப்பான தாள் என்றால் முற்றத்து வெயிலில் பாட்டிமார் கண்ணுக்குப் படம் தெரியாது, தங்கள் முகம்தான் தெரியும். மாலைச் சிலுவைப்பாதை முடிகிற நேரம் இருட்டிவிடும், அதனால் மேலிருந்து மஞ்சள் விளக்கு ஒவ்வொன்றுக்கும். செலவில் ஒரு பகுதி நான் தருகிறேன்.

அளத்துமகள்

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். வெரோணிக்காவாக நிற்க மாட்டாராம். 'அந்தம்மா ஆண்டவர் முகத்தைத் துடைச்சவ, நான் யாரு' என்றார். ஆனால் அம்மாவுக்கு ஒருமுறை கண்ணில் உப்புத்தண்ணீர் தெறித்தபோது துடைத்துவிட்டவர் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறவர், இந்து. அவரைக் கேட்கிறேன் என்றார். அவர் சரி என்றால், துடைக்கப்படுகிற முகமாக அம்மா உட்காருவார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வாருங்கள் தம்பி, அப்போது வேலை முடிந்திருக்கும். வெயில் கடுமையாக இருக்கும், உங்கள் படத்துக்கு அது நல்ல வெளிச்சம் இல்லை என்று தெரியும். ஆனால் அவர்கள் சும்மா உட்கார்ந்து பேச முடிகிற நேரம் அதுதான்.